பால் விட்ட கோப்பி

கோப்பி உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று யாராவது கதை தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். ஒரு ஞாயிறு பத்திரிகையில் இதயத்துக்கு நல்லது என்று போடுவார்கள். அடுத்த ஞாயிறு நெஞ்சு படபடக்கும், நித்திரை கெடும், வயிறு புண்ணாகும் என்று போடுவார்கள். ஆட்கள் இரண்டையும் வாசித்துவிட்டுப் பேசாமல் தங்கள் கோப்பியைக் குடிக்கிறார்கள். நான் ஒருத்திதான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்.

யுத்தம் நடந்த காலம். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை. அம்மாவும் அக்காவும் யாழ்ப்பாணத்தில். அக்கா பள்ளிக்கூட ரீச்சர், கலியாணம் கட்டாதவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய இடது மார்பில் கட்டி வந்திருப்பதைக் கடிதம் வந்துதான் அறிந்தேன். இங்கே வெட்ட வசதியில்லை, தாமதிக்காமல் கொழும்புக்குப் போங்கள் என்று அங்குள்ள டொக்டர் சொல்லிவிட்டாராம்.

தாமதிக்காமல் போவது என்றால் சும்மாவா? யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திகதிக்குள் திரும்பாவிட்டால் பிணை நின்றவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அக்காவுக்கு ஒரு மாதப் பாஸ் கிடைத்தது. பிணை நின்றது அம்மா.

அக்கா வள்ளத்தில் கடல் கடந்து, வவுனியாவில் சோதனை வரிசையில் இரண்டு நாள் நின்று, ரயிலில் வந்து சேர்ந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். பையில் இரண்டு சேலை, வைத்தியத் துண்டுகள், ஒரு பேணி நிறையக் கோப்பித்தூள். வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து வறுத்து, தானே உரலில் இடித்த தூள்.

"கொழும்பில கோப்பி இல்லாமலே இதைக் காவிக்கொண்டு வந்தனீங்கள்?" என்றேன்.

"உங்கட கொழும்புக் கோப்பியை நீயே குடி," என்றார் அக்கா. "மண்ணைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரிக் கிடக்கும்."

அக்காவுக்குக் கோப்பிதான் மருந்து, கோப்பிதான் சாப்பாடு. தடிமன் என்றால் கோப்பி, தலையிடி என்றால் கோப்பி, வகுப்பில் பிள்ளைகள் குழப்படி செய்து வயிறெரிந்தால் அதற்கும் கோப்பி. ஒரு நாளைக்கு ஆறேழு தரம் குடிப்பார். பால்மாவும் சீனியும் அங்கே கண்ணில் காட்டாத நாட்களிலும், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கறுப்பாகக் குடித்தவர்.

அடுத்த நாளே பொலிசில் போய் அக்காவின் பெயரைப் பதிந்தோம். பொரளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். சத்திரசிகிச்சை டொக்டர் பார்த்தார், ஊசி குத்திச் சோதித்தார், மார்பை எடுக்கத்தான் வேண்டும் என்றார். திகதியும் தந்தார். அதிலிருந்து பாஸ் முடிய எட்டு நாள்தான் இருந்தது. திரும்பிப் போகவே நாலைந்து நாள் வேண்டும்.

"தையலோடையே போவன்," என்றார் அக்கா. "அங்க தையலை வெட்டிவிடுவினம். நீ பயப்பிடாதை."

பயப்படாமல் எப்படி இருப்பது? அந்த நேரம் பார்த்து முன்னறையில் குடியிருந்த அன்ரி ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். கோப்பி குடிக்கிற பெண்களுக்கு மார்பில் கட்டி வரும் என்று அதில் போட்டிருந்தது. "நிப்பாட்டினால் கரையுமாம் பிள்ளை," என்றார் அன்ரி. நல்ல மனிசிதான். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார்.

எனக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பேணியைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"எடியே, உனக்கென்ன விசரே?" என்று அக்கா கத்தினார். "இருபத்தைஞ்சு வருசமாக் குடிக்கிறன். குடிக்காத சனத்துக்குக் கட்டி வாறேல்லையோ?"

"கண்டறியாத கோப்பி! அதைக் குடிச்சுக் குடிச்சுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறியள்," என்றேன் நான். நோயாளியிடம் சொல்லுகிற கதையா அது? நான் சொன்னேன். அக்கா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இரண்டாம் நாள் அக்காவுக்குத் தலையிடி தொடங்கியது. மூன்றாம் நாள் தலையை நிமிர்த்த முடியவில்லை. வெளிச்சம் பட்டால் கண்ணைப் பொத்திக்கொண்டார், சத்தி எடுத்தார். நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். வேலைக்கு லீவு போட்டு, ஓட்டோ பிடித்து, அழுதழுது டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அண்மையில் ஏதாவது பழக்கத்தை நிறுத்தினீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோப்பியை நிறுத்தினோம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். நிறையக் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் தலை இடிக்கும், சில நாளில் சரியாகும் என்றார். பத்திரிகைத் துண்டையும் காட்டினேன். இவருக்கு வந்திருக்கிற கட்டி கோப்பியால் வந்ததுமில்லை, கோப்பியை விட்டால் போகப்போவதுமில்லை, பின்னேரத்துக்குப் பிறகு குடித்தால் நித்திரை வராது, அவ்வளவுதான், காலையில் ஒரு கோப்பை கொடுங்கள் என்றார்.

கேட்டேனா? இல்லை. வீட்டுக்கு வந்தும் திறப்பு என் கழுத்திலேயே கிடந்தது. அந்த ஒன்றுதான் என்னால் செய்யக்கூடியதாக இருந்தது. பாஸ் என் கையில் இல்லை, திகதி என் கையில் இல்லை, கத்தி என் கையில் இல்லை. கோப்பிப் பேணி மட்டும் என் கையில் இருந்தது. அக்கா மூலையில் சுருண்டு கிடந்து தலையைச் சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டே நான் அதைக் கொடுக்காமல் இருந்தேன்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வார்ட்டில் சேர்த்தோம். நாளை விடிய வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று நேர்ஸ் என்னிடம் சிங்களத்தில் சொன்னார். அவர் மேல் பிழையில்லை, தெளிவாகத்தான் சொன்னார். அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. "விடிய ஒண்டும் சாப்பிடக் கூடாதாம் அக்கா," என்று நான் மாற்றிச் சொன்னேன்.

"அதுக்கென்ன, விரதந்தானே," என்றார் அக்கா.

எங்கள் வீட்டில் விரதம் என்றால் கோப்பி உண்டு. கந்தசஷ்டிக்கு அம்மா ஆறு நாளும் பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படாமல் இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவார். ஆனால் காலையில் ஒரு கோப்பி, பின்னேரம் ஒரு கோப்பி குடிப்பார். பொய் சொல்லுவதாக அவரும் நினைத்ததில்லை, கேட்டவர்களும் நினைத்ததில்லை. கோப்பியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விடியச் சாப்பிட்டாயா என்று கேட்டால், இல்லை, கோப்பி மட்டுந்தான் என்போம். அப்படியே வளர்ந்தோம்.

அன்று விடிய இருட்டோடேயே எழும்பிவிட்டேன். இன்றைக்கு வெட்டப்போகிறார்கள், இரண்டு கிழமையாக இந்த மனிசியை ஒரு வாய்க் கோப்பிக்கு ஏங்க வைத்தேனே, திரும்பி வராவிட்டால் என்ன செய்வேன் என்று என்னையே திட்டிக்கொண்டு அலுமாரியைத் திறந்தேன். சுடுதண்ணீர் வைத்து, தூளை இரண்டு கரண்டி கூடவே போட்டேன். பால்மாவைக் கட்டியாகக் கரைத்து விட்டேன். சீனியும் அள்ளிப் போட்டேன். பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான், பிளாஸ்கைக் காட்டி "மேக்க மொக்கத?" என்றான். என்ன இது என்று கேட்கிறான். கோப்பி என்றேன். நம்பவில்லை. மூடியில் ஊற்றி என்னைக் குடிக்கச் சொன்னான். நாக்குச் சுடச்சுடக் குடித்துக் காட்டினேன். பிறகுதான் போ என்று தலையை ஆட்டினான். பிளாஸ்கைப் பறிக்காமல் விட்டானே, தெய்வமே என்று அவனைக் கும்பிடாத குறையாக பஸ்ஸில் ஏறினேன். அவன் பறித்திருக்கலாம்.

காலையில் நோயாளரைப் பார்க்க விடும் நேரம். அக்கா கட்டிலில் குந்தி இருந்தார். மூடியைக் கழற்றியதுமே மணம் பிடித்துவிட்டார்.

"எடி, தரப்போறியோ?"

"குடியுங்கோ அக்கா. முழுக்கக் குடியுங்கோ."

இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "இப்பதான் உயிர் வந்தது," என்றார். இரண்டாம் தரமும் ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் சந்தோசமாக இருந்தேன். அந்த இரண்டு கிழமையில் சந்தோசமாக இருந்தது அந்தக் கால் மணித்தியாலந்தான்.

பத்து மணி இருக்கும். அக்காவுக்கு ஆஸ்பத்திரி உடுப்புப் போட்டு, தலையை இரண்டாகப் பின்னித் தள்ளுகட்டிலில் கிடத்திவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் ஒரு பெண்பிள்ளை. அவர் சிங்களத்தில் கேட்பதை அக்காவுக்குச் சொல்லுவதற்கு நேர்ஸ் என்னைக் கூப்பிட்டார். மூச்சு இழுப்பு இருக்கிறதா, பொய்ப்பல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "மொனவத் கேவத? பிவ்வத?" என்றார். ஏதாவது சாப்பிட்டாரா, குடித்தாரா.

"விடிய ஏதும் சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கிறா," என்றேன்.

"இல்லை. நீ தந்த கோப்பிதானே," என்றார் அக்கா.

"நே," என்றேன் நான் டொக்டரிடம். இல்லை என்று. பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வாயில் தன்பாட்டில் வந்தது. டொக்டர் எழுதிக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட இரண்டாவது சொல் எனக்குள் குடைந்தது. குடித்தாரா என்று ஏன் கேட்டார்? தள்ளுகட்டிலை நகர்த்தப் போகிறார்கள். நான் அவர் பின்னால் போய், ஏன் மிஸ் அதைக் கேட்டீர்கள் என்றேன். வயிற்றில் ஏதும் இருந்தால், மயங்கிக் கிடக்கும்போது மேலே வந்து சுவாசப்பைக்குள் போகும், ஆள் எழும்பாமலே போய்விடலாம் என்றார்.

"கோப்பியுமா?" என்றேன்.

டொக்டர் பேனையை மூடினார். என்னைப் பார்த்தார். பால் போட்டதா என்று கேட்டார். எத்தனை மணிக்கு என்று கேட்டார். பால் விட்டதுதான், விடியக் கொடுத்தேன் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. பைலை மூடி நேர்ஸிடம் கொடுத்தார். அக்காவின் பெயரை அன்றைய பட்டியலில் வெட்டினார்கள்.

தள்ளுகட்டிலில் கிடந்தபடி அக்கா கழுத்தைத் திருப்பி, "என்னவாம்?" என்று கேட்டார். யார் சொல்லுவது? நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் தமிழ் தெரியாது.

அடுத்த திகதி மூன்று கிழமைக்குப் பிறகுதான். பெரிய டொக்டரின் அறை வாசலில் மூன்று நாள் நின்றேன், கெஞ்சினேன், காலில் விழுந்தேன். அவரும் என்ன செய்வார்? காயக்காரர் வந்தபடி இருந்தார்கள், அன்றாடப் பட்டியலே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"நில்லுங்கோ அக்கா," என்று அறையில் வைத்து மன்றாடினேன். "அம்மா வயசு போன மனிசி, அவவை ஒண்டும் செய்ய மாட்டினம். ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினா விளங்கிக் கொள்ளுவினம்."

"அம்மாவைக் கொண்டுபோய் ஒரு அறையிக்க இருத்தினா, பிரஷர்க் குளிசை ஆர் குடுக்கிறது? நீ குடுப்பியே?" என்றார் அக்கா. "போய்ப் பாஸைப் புதுப்பிச்சுக்கொண்டு ரெண்டு மாதத்தில வாறன். இவ்வளவு நாள் இருந்த கட்டி இன்னும் ரெண்டு மாதம் இருக்கும்."

என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால், அடித்திருந்தாலும், தாங்கியிருப்பேன்.

கோட்டை ரயில் நிலையத்தில் வண்டி வெளிக்கிட ஊதினார்கள். யன்னல் கம்பிக்குள்ளால் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, கோபமில்லாமல், பாடம் பிழைத்த பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்: "நீ அண்டைக்கு டொக்டரிட்ட அந்தக் கேள்வியைக் கேக்காமல் விட்டிருக்கலாமடி." வண்டி நகர்ந்துவிட்டது.

அக்கா போய்ச் சேர்ந்த மூன்றாம் கிழமை சண்டை மூண்டது. வள்ளம் ஓடவில்லை, பாஸ் கொடுப்பதை நிறுத்தினார்கள். சுகமாக இருக்கிறேன், நீ ஒழுங்காகச் சாப்பிடு என்று ஒரு கடிதம் வந்தது. ஏழாம் மாதம் அக்கா செத்துப்போனார். எனக்குச் செய்தி வரும்போது முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிந்துவிட்டது.

வெகு காலத்துக்குப் பிறகு, என் சொந்த வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் ஒருவரிடம் கதையோடு கதையாகக் கேட்டேன். விடியப் பால் விட்ட கோப்பி இரண்டு கோப்பை, பத்து மணிக்கு ஒப்பரேஷன், தெரியாமல் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் யோசித்தார். நானென்றாலும் தள்ளித்தான் போட்டிருப்பேன் என்றார். ஆனால் பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது என்றார்.

நான் அதையும் கேட்டிருக்கக் கூடாது.