காய்ச்சலுக்கும் கார்டு உண்டு

என் மனைவியின் அம்மா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாடு வளர்க்கிறார். எனக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் கிடையாது, மரியாதை. நான் உள்ளே நுழைந்தால் அவர் அடுப்படிக்குப் போய்விடுவார். மாப்பிள்ளைக்கு இன்னும் குழம்பு வேணுமா என்று அங்கிருந்து மகளிடம் கேட்பார். எனக்கு நன்றாகவே கேட்கும். நானும் மகளிடம்தான் பதில் சொல்வேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டால் போகும், சில நாளில் திரும்பி வரும். ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டும், இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். ஊரில் ஊசி போடுகிறவர் ஊசி போட்டே களைத்துவிட்டார். ஆள் பாதியாகிப்போனதும் மனைவி அவரை மதுரைக்கு வரவழைத்தாள். அவள் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். தீபாவளி நேரத்தில் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. காளவாசலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான் ஷட்டரை இறக்கினேன்.

பெரியாஸ்பத்திரிக் கூட்டத்தில் நிற்க அத்தைக்குத் தெம்பில்லை. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருப்பதால் அதை எடுத்துக்கொள்ளும் தனியார் ஆஸ்பத்திரியில், பொது மருத்துவம் படித்த டாக்டராகப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். என் பைக்கில் அவர் ஏற மாட்டார். ஆட்டோ பிடித்தேன். அத்தை பின்சீட்டில், நான் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி சீட்டில் தொற்றிக்கொண்டு.

முதல் ஆஸ்பத்திரியில் கார்டு உண்டு, ஆனால் எலும்புக்கு மட்டும் என்றார்கள். அடுத்ததில் கண்ணுக்கு. அதற்கடுத்த இடத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் என்றால் உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆசையாகச் சொன்னாள். வெறும் காய்ச்சலைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

வழியெல்லாம் அத்தைக்கு என்னைப் பற்றித்தான் கவலை. மகள் பக்கத்தில் இல்லாததால் டிரைவரைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை டீ குடித்தாரா என்று அவரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். இன்னும் இல்லை என்று நானும் அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் டிரைவருக்கு இது பழகிவிட்டது. சிக்னலில் நின்றபோது, "அண்ணே, அம்மா ஒங்களைக் கொஞ்சம் உள்ள தள்ளி ஒக்காரச் சொல்றாக" என்று தானாகவே தூது சொன்னார்.

நான்காவது ஆஸ்பத்திரிப் படியில் நான் கையை விரித்துக்கொண்டு இறங்கி வந்தபோதுதான் அது நடந்தது. டிரைவர் டீக்கடைக்குப் போயிருந்தார். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, காலை ஒடிச்சுக்கிட்டு வந்தாத்தான் சேப்பாகளா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும்தான். அம்புட்டுக் காய்ச்சலிலும் அத்தை சிரித்ததைப் பார்த்த பிறகு எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

டீ குடித்துவிட்டு வந்த டிரைவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நாகமலை புதுக்கோட்டை போகிற வழியில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, அவருடைய மச்சானை டெங்குவுக்குக் கார்டில்தான் அங்கே சேர்த்தார்கள் என்றார். போனோம். வரவேற்பில் நான் கேட்ட முதல் கேள்வியே காய்ச்சலுக்குக் கார்டு உண்டா என்பதுதான். வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டுப் போனால் கிடையாது, டாக்டர் படுக்கையில் சேர்க்கச் சொன்னால் உண்டு என்றார்கள்.

டாக்டர் ஒரு பெண். என்னை விட இளையவர். அத்தை வாசலைப் பார்க்கவும் நான் புரிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். வெகுநேரம் கதவு திறக்கவில்லை. ஊரில் ஊசி போடுகிறவர் ஒரு கேள்வியும் கேட்காதவர் என்பதால் அத்தைக்கும் சொல்ல நிறைய இருந்திருக்கும். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அத்தையின் பசு ஒன்று மாதம் நிறையாமல் கன்று வீசியிருக்கிறது. அத்தைதான் வெறுங்கையால் எல்லாவற்றையும் அள்ளிப் புதைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் காய்ச்சல். காய்ச்சாத பால் குடிக்கிற பழக்கமும் உண்டு.

"மாட்டுக்கிட்ட இருந்து வர்ற காய்ச்சலா இருக்கும்னு நினைக்கிறேன். ரத்தம் பார்த்தாத் தெரிஞ்சிடும். சேர்த்திடுங்க, கார்டுலயே பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

அவர் நினைத்தது சரியாகவே இருந்தது. அத்தை சில நாள் ஊசியோடு படுக்கையில் இருந்தார். பிறகு வீட்டில் வைத்து ஒன்றரை மாதம் மாத்திரை. நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும் என்று டாக்டர் மிரட்டியிருந்ததால் ஒரு வேளையும் தவறவில்லை. தை பிறப்பதற்குள் காய்ச்சல் ஓடிவிட்டது, உடம்பும் தேறிவிட்டது. ஊருக்குப் போனதும் முதல் வேலையாகக் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுக்க வைத்தார். பாலைக் காய்ச்சாமல் குடிக்கிறவர்களைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டுகிறார் என்று கேள்வி.

இப்போது அந்த ஊர்க்காரர்கள் காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக என் கடைக்கு வருகிறார்கள். கையில் கார்டு இருக்கும். நான் எழுந்து ஆட்டோ பிடித்துவிடுவேன். நேற்றும் ஒருத்தர் வந்தார். நன்றாகத்தான் இருந்தார். காய்ச்சல் யாருக்கு என்று கேட்டேன். பசுவுக்காம். அந்த டாக்டரம்மா மாட்டையும் பார்ப்பாரா என்று கேட்டுப்போக வந்திருக்கிறார்.