ராஜாவுக்கு இடம் தேடிய அணி

லண்டனில் நாட்டுக்கு ஓர் அணியாகச் சதுரங்கம் ஆடுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்ததும், பர்மாவில் போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்த தமிழர்களான நாங்கள் பர்மாக்காரர்களைப் போட்டிக்கு அழைத்தோம். பலகை ஒன்றுதான், அணியே கூடி ஆடுவதென்று ஏற்பாடு. பர்மியச் சதுரங்கத்தில் சிப்பாய் தவிர மற்ற காய்களை அவரவர் இஷ்டப்படி அடுக்கிவிட்டுத்தான் ஆட வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

ராஜாவை மூலையில் வைக்கச் சொன்னார் எங்கள் அணித் தஞ்சாவூர்க்காரர். "ராஜா என்ன திருடனா, மூலையில பதுங்க?" என்று எகிறினார் ராமநாதபுரத்துக்காரர். தன்னைக் கேட்காமல் எவனும் காயைத் தொடக் கூடாது என்றார் மேஸ்திரி.

"அண்ணே, எங்கயாவது வைங்க, அக்கரைக்கு டாலா போற கடைசிப் படகு போயிரும்" என்று கெஞ்சினார் எதிரணித் தலைவரான பர்மாக்காரர். கடைசியில் தன் அணியோடு எழுந்து படகுக்கு ஓடினார்.

ஒரு காயும் நகரவில்லை. வென்றது நாங்கள்தான் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.