வேலை போன பிறகு ஏறிய பஸ்கள்

வேலை போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையும் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு எட்டேகாலுக்கு விடுதியை விட்டுக் கிளம்பினேன். அதற்கு அடுத்த நாளும் கிளம்பினேன். இப்படியே இரண்டரை மாதம் ஓடியது.

விடுதி சைதாப்பேட்டையில் இருந்தது. அறைத்தோழி வாணியம்பாடிப் பெண். அவளுடைய சித்தி ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். பகலில் நான் அறையில் படுத்துக் கிடந்தால் அந்த வார முடிவுக்குள் செய்தி அம்மா காதுக்குப் போய்விடும். ஆகவே, வெளியே போய்த்தான் ஆகவேண்டும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில்தான் என் வேலை. வெளிநாட்டு இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவு. ஒரு செவ்வாய்க்கிழமை எங்களில் ஆறு பேரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். எதிரே இருந்த பெண் ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அந்த வேலையே இனி இங்கே இல்லை என்றாள். அவள் குரலில் கடுமை எதுவும் இல்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். கடைசியாக வந்த சம்பளம் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சில மாதம் தாங்கும் என்று தெரிந்தது. கணக்குப் போட்டது அவ்வளவுதான்.

சொல்லாததற்குக் காரணம் அப்பா. அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறார். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது பெரியப்பா வீட்டுக்கே வந்து, பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டாம், ராணிப்பேட்டையில் இல்லாத கம்பெனியா என்று கத்தினார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாத அப்பா அன்றைக்கு மட்டும், "அது போவட்டும்ணா. நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு பெரியப்பா ஒரு வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வேலை போய்விட்டது என்று நான் ஊருக்குத் திரும்பினால் தலைகுனிவு எனக்கில்லை, அப்பாவுக்குத்தான்.

சென்னையில் முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த சாதாரண பஸ்களில் பெண்கள் காசில்லாமல் போகலாம். கண்டக்டர் ஒரு சீட்டு கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். பகல் முழுவதும் உட்கார்ந்திருக்க ஓர் இடம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. சைதாப்பேட்டையில் ஏறி பிராட்வே போவேன். அங்கிருந்து திருவான்மியூர். பிறகு பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் போய்வரும் பஸ். கடைசியாகச் சொன்ன பஸ்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும். நெரிசலில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். இடது பக்கம், நடுக் கதவுக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னல்தான் என் இடம். காலையில் ஆபீஸ் போகும் பெண்கள் முட்டி மோதி நிற்பார்கள். அவர்களுக்கு இடம் தராமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று கூசும். பதினோரு மணிக்கு மேல் வண்டி காலியாகிவிடும். மீன் கூடைகளோடு ஏறும் பெண்களும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும், நானும்தான் மிச்சம்.

அம்மா மத்தியானம் ஒரு மணிக்குப் பேசுவாள். ஹாரன் சத்தம் கேட்டு, என்ன இவ்வளவு இரைச்சல் என்று ஒருமுறை கேட்டாள். கேன்டீன் ரோட்டுப் பக்கம் இருக்கிறது என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே பயமாக இருந்தது.

முதல் சில வாரங்கள் வேலை தேடினேன். இரண்டு இடங்களில் நேர்முகம் நடந்தது, பதில் வரவில்லை. மூன்றாவது இடம் கிண்டியில். அதற்காகவே நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். நிறுத்தம் வந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் எழவில்லை. மயக்கமோ வலியோ எதுவும் இல்லை. எழ முடியவில்லை, அவ்வளவுதான். பஸ் கிளம்பி அடுத்த நிறுத்தம் போனது. அதற்கு அடுத்ததும் போனது. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்து இறங்கச் சொன்னபோதுதான் இறங்கினேன். அன்றோடு வேலை தேடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் பஸ் ஏறுவதை நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போய் ஏறினேன். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருக்கும் வரை என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று இருந்தது.

அப்பா போன் செய்த அன்று பஸ்ஸில் ஜெமினி மேம்பாலம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பத்தரை மணி இருக்கும். வேலை நேரத்தில் அவர் பேசுகிறவர் இல்லை.

"பாப்பா, நான் பெரியமேட்ல இருக்கேன். கம்பெனில சாம்பிள் குடுத்து அனுப்பனாங்க. வேல முடிஞ்சிடுச்சு. ட்ரெயின் சாயங்காலம்தான். உன் ஆபீச ஒரு தரம் பாத்துட்டுப் போலாம்னு."

உள்ளே விட மாட்டார்கள் என்றேன். உள்ளே வரவில்லை, வெளியில் நின்று கட்டடத்தைப் பார்த்தால் போதும் என்றார். அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கி, ஆயிரம் விளக்கு வரை நடந்து மெட்ரோ பிடித்தேன். பூமிக்கடியில் போன அந்தப் பத்து நிமிஷமும் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

பெரியமேட்டில் ஒரு தோல் கடை வாசலில், சாம்பிள் எடுத்து வந்த காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தீபாவளிக்கு எடுத்த சட்டை. என் ஆபீசைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் காலையில் அதை எடுத்துப் போட்டிருக்கிறார் என்பது பார்த்ததுமே புரிந்தது. வேலை நேரத்தில் உனக்குப் பேஜாராகிடுச்சா என்று கேட்டார். லீவு சொல்லிவிட்டேன் என்றேன்.

மெட்ரோவிலோ ரயிலிலோ கூட்டிப்போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். நேரத்தைக் கடத்த வேண்டும் என்பதால் பஸ்ஸில் போகலாம் என்றேன். வந்தது பெசன்ட் நகர் பஸ். நான் முன்பக்கம் ஏறினேன். அவர் பின்பக்கம் ஏறி வலது வரிசையில் உட்கார்ந்தார். கண்டக்டர் யார் என்று அப்புறம்தான் பார்த்தேன். நரைத்த மீசைக்காரர், வாரத்தில் நான்கு நாளாவது நான் ஏறும் வண்டியில் அவர்தான் இருப்பார். என்னிடம் சீட்டு கொடுக்கும்போது எங்கே என்று கேட்பதையே விட்டுவிட்டவர். அவர் அப்பாவிடம் போனார். அப்பா என்னைக் காட்டி, பொண்ணு எங்க இறங்குதோ அங்க ஒண்ணு குடுங்க என்றார்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி அப்போது சிக்னலில் நின்றிருந்ததால் அவர் மெதுவாகப் பேசியதும் எனக்குக் கேட்டது.

"உங்க பொண்ணா சார்? தப்பா எடுத்துக்காதீங்க. தெனமும் வருது. கடைசி ஸ்டாப்ல எறங்கி அதே வண்டில திரும்புது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன், கேக்கல."

அப்பா சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மயிலாப்பூர், அடையாறு எல்லாம் தாண்டி வண்டி போய் நிற்கும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பெசன்ட் நகர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் அப்பா அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். யாராவது ஏதாவது தப்பாக நடந்துகொண்டார்களா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கிண்டியில் எழ முடியாமல் போனது வரை. அழவில்லை, அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அவர் என்னைத் தேற்றவில்லை. ரோட்டைப் பார்த்தபடி, "கண்டக்டருக்குத் தெரியுது. எனக்குத் தெரியல" என்றார். கோபத்தில்தான் சொன்னார். அப்போதுதான் அவர் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது.

சென்ட்ரலுக்குத் திரும்பலாமா என்று கேட்டேன். வேண்டாம், அந்த ஆபீசைப் பார்க்க வேண்டும் என்றார். இனி எதற்கு என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனோம். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று அந்தக் கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து, கழுத்தில் அட்டை தொங்க ஆட்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எந்த மாடி என்று கேட்டார். விரல் நீட்டிக் காட்டினேன். தலையாட்டினார். பிறகு, "வா, ஊருக்குப் போலாம்" என்றார்.

திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினோம். விடுதிக்குப் போய்த் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு வர நேரமில்லை. அறைத்தோழியிடம் போனில் காய்ச்சல் என்று சொன்னேன். சென்ட்ரலில் கூட்டம் நெருக்கியடித்தது. ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து என்னை உட்காரவைத்துவிட்டு, அவர் அரக்கோணம் வரை நின்றுகொண்டே வந்தார். காட்பாடி தாண்டிய பிறகுதான் பேசினார்.

"அம்மாகிட்ட நேத்துதான் வேல போச்சுன்னு சொல்லு. இந்தப் பஸ் விஷயம் வாணாம். தாங்க மாட்டா."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சரி என்று தலையாட்டினேன்.

அம்மா அந்தப் பொய்யை நம்பினாள். பெரியப்பா வந்து, தான் அன்றே சொன்னதாகச் சொன்னார். எல்லா ஊரிலும்தான் ஆள் குறைக்கிறாங்கண்ணா, அதுவா போச்சு என்று மட்டும் அப்பா சொன்னார். நான் இரண்டு வாரம் தூங்கினேன். பிறகு அப்பா அரை நாள் லீவு போட்டு வேலூரில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். சத்து மாத்திரை என்று அம்மாவிடம் சொன்னதும் அப்பாதான். எட்டு மாதம் சாப்பிட்டேன். இப்போது ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி வேன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. பெரும்பாலான நாட்கள் சரியாகவே போகின்றன.

சரியாகாதது எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருப்பது. அவர் என்னை ஒருநாளும் திட்டவில்லை. ஆனால் நான் சொல்வது எதையும் உடனே நம்புவதில்லை. சாப்பிட்டேன் என்றால் என் முகத்தைப் பார்க்கிறார். ஒருநாள் வேன் டிரைவரிடம், நான் தினமும் உள்ளேதான் போகிறேனா என்று விசாரித்திருக்கிறார். டிரைவர் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அன்று மாலை கேட்டுவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, மிஷினில் பட்ட விரலுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் அம்மா இருந்தாள். அவள் காதுபட இதைப் பேச எங்கள் இருவராலும் முடியாது. பிளாஸ்திரியின் முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சுற்றி முடித்தார்.