எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்த ஸ்டிக்

“…ஆளு வர்றாங்கன்னுதானுங்ணா நெனச்சுட்டு இருந்தேன். எலையப் போட்டுத் தண்ணியும் தெளிச்சு வெச்சிருக்கற எடத்துல, ஒறம்பரைச் சனம் வர்றதுக்குள்ள நாம போயி உக்கார முடியுங்களா? அதான் கிட்டயே வர்ல” என்றார் பக்கத்து பூல் மேசையில் ஆடும் அம்மணி.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், சாயங்காலம் கூட்டிவரப் போகும்வரை வேலையில்லை. அந்த இடைவெளியில் காக்கிச் சட்டையோடு வந்து ஆடிவிட்டுப் போவார். நானும் அவரும் பல நாளாகப் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஆடியிருக்கிறோம். அன்றைக்குத்தான் முதல்முதலாக என்னோடு இத்தனை வார்த்தை பேசினார். பேசும்போது அவர் பார்த்தது என்னையல்ல, என் மேசையின் எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்திருந்த ஸ்டிக்கை.

அதை அங்கே வைத்தது நான்தான். குறிப்பாக யாருக்கென்றும் இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

பில்லியர்ட்ஸ் மாதிரி ஸ்டிக்கால் பந்தைக் குழியில் தள்ளுகிற இந்த பூல் ஆட்டத்தை நான் விட்டுப் பத்து வருசத்துக்கு மேலாகியிருந்தது. அதற்கு முன்னால் ஆடாத வாரம் கிடையாது. கிராஸ்கட் ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அப்போது ஒரு பூல் பார்லர் இருந்தது. பம்ப்செட் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு அங்கே போய்விடுவேன். என்னோடு ஆடியவன் ஒரே ஒருத்தன். கோட்டைமேட்டுக்காரன், டவுன்ஹால் பக்கம் பெட்டிக்கடை மாதிரி சின்னதாக ஒரு பை, சூட்கேஸ் கடை வைத்திருந்தான். என்னைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவான். அவன் ஊட்டு நோம்புக் கஞ்சி எனக்கும், எங்க ஊட்டுப் பொங்கல் அவனுக்கும் வருசா வருசம் போய்ச் சேர்ந்துவிடும்.

அவனிடம் ஒரு முறை இருந்தது. மேசைக்கு வந்ததும் தன் ஸ்டிக்கை எடுக்க மாட்டான். முதலில் எதிராளிக்கு ஒன்றை எடுப்பான். அதை மேசைமேல் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பார்ப்பான், வழுக்காமலிருக்க நுனியில் சாக் கட்டியைத் தேய்ப்பான், எதிர்ப்பக்கம் சாய்த்து வைப்பான். அதற்கப்புறம்தான் தனக்கு. “வந்தவனுக்கு வளைஞ்ச ஸ்டிக்கைக் குடுத்து ஜெயிக்கறது ஜெயிப்பா, பங்காளி?” என்பான். பார்த்துப் பார்த்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. இருக்கிற ஸ்டிக்குகளிலேயே நேரானதை யார் மற்றவனுக்குக் கொடுப்பது என்று எங்களுக்குள் ஒரு போட்டியே நடக்கும். அதனால் இரண்டு பேரும் சுமாரான ஸ்டிக்கிலேயே ஆடினோம் என்பது வேறு விசயம்.

அப்புறம் பார்லரை மூடினார்கள். அவன் மகனோடு இருக்க ஷார்ஜாவுக்குப் போனான். ஒண்ணு மேல ஒண்ணாக எனக்கும் வேலை, குடும்பம். ஆட்டத்தை விட்டேன் என்று சொல்லக்கூட முடியாது, அது என்னைவிட்டுப் போனது எனக்குத் தெரியாது.

இப்போது கம்பெனி வேலையும் முடிந்தது. மதியம்வரை தெரிந்த ஒரு கடைக்காக மோட்டார் பழுது பார்க்கப் போய்வருகிறேன். மனைவி இருப்பது பெங்களூரில், மகளோட ஊட்டில். மகளுக்குப் பிரசவம் பார்க்க என்று போனவள், பேரன் எழுந்து நடக்க ஆரம்பித்தும் வரவில்லை. மகளுக்கு ஆபீஸ், குழந்தைக்கு ஆள் வேண்டும். யாரைக் குற்றம் சொல்வது? ராத்திரி மனைவி போனில் கேட்பாள்.

“என்ன பண்ணுனீங்க சோத்துக்கு?”

“அரிசிம்பருப்பு சாதம்.”

“உப்பு?”

“ஒரு நாளைக்குக் கம்மி, ஒரு நாளைக்கு ஜாஸ்தி.”

“ஒருத்தருக்குப் பொங்குனா உப்பு நிக்காதுங்க” என்பாள். அதற்குள் பேரன் போனைப் பிடுங்கி எதையாவது அமுக்கிவிடுவான்.

எனக்குப் படிப்புக் கம்மி. ஆள்கள் சொல்கிற பேச்சைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு அதிலேயே பிழைக்கிறவன் நான். பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் ஒருத்தர், “எறங்கறவங்களுக்கு வழி உட்டாத்தானுங்க ஏறுறவங்களுக்கு எடம்” என்பார். எங்கள் பக்கத்து பேக்கரி டீ மாஸ்டர், “ஆறுன டீயும் ஆறாத கோவமும் ஒடம்புக்கு ஆகாதுங்க” என்று சொல்லிக்கொண்டே சூடாக நீட்டுவார். இப்படிக் கேட்டதையெல்லாம் ராத்திரி ஊட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும். ஊட்டில் ஆளில்லை. போனில் மனைவி சொன்ன உப்புப் பேச்சையே அவளிடமா திருப்பிச் சொல்வது?

அந்த பேக்கரியில் ஒரு மதியம் தேங்காய் பன்னும் டீயுமாக நிற்கும்போது, மாடியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. முக்கோணமாக அடுக்கிய பந்துகளை வெள்ளைப் பந்தால் உடைக்கிற சத்தம். கேட்டுப் பழகியவனுக்கு அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் படியேறினேன். மாஸ்டர் சொன்ன ஆறுன டீ விதியை அன்றைக்கு மீறினேன்.

மேலே நீள அறை, வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே தொங்கும் விளக்கு. நடத்துகிறவர் சின்ன வயசுக்காரர், போனில் ஊட்டாரோடு தெலுங்கில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்து, “வாங்க சார், எந்த டேபிள் வேணுமோ பாத்துக்கங்க” என்றார். எத்தனை பேர் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசி மேசைக்குப் போனேன். சுவரில் மாட்டியிருந்த ஸ்டிக்குகளில் ஒன்றை எடுத்து, உருட்டிப் பார்த்து, சாக் தேய்த்து, எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்தேன். பிறகு எனக்கு ஒன்று. எதிரில் ஆளில்லை என்பது வெள்ளைப் பந்தை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்ப எடுத்து மாட்டலாம். கை வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது.

ஆட்டம்? ஆட்டமே வரவில்லை. இடக்கை விரல்களை மேசைமேல் ஊன்றி ஸ்டிக்குக்குப் பாலம் கட்டினால், பாலம் ஆடியது. குனிந்தால் முதுகு பேசியது. முதல் நாள் ஸ்டிக் நழுவி, வெள்ளைப் பந்து துள்ளிக் கீழே விழுந்து அந்த அம்மணியின் மேசை வரைக்கும் உருண்டது. அவர் எடுத்துக் கொடுத்தார். “தேங்க்ஸுங்க” என்றேன். “பரவால்லீங்க” என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

ஷார்ஜாக்காரனிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“பங்காளி, பந்தைக் குழியில போடறதை மறந்துரு. வெள்ளையை நடுவுல வெச்சு, நேரா எதிர் ஓரத்து ரப்பர் குஷனுக்கு அடி. அது திரும்பி வந்து உன் ஸ்டிக் நுனியில முட்டோணும். அது வர்ற வரைக்கும் வேற எதையும் தொடாதே.”

“அது கொழந்தைங்க பழகறதல்லோ?”

“உன் பேரன் நடக்கறான்னியே. அவங்கூடச் சேந்து நீயும் பழகு.”

பழகினேன். நடுவில் வைத்து அடித்தால் பந்து போகும்போது நேராகப் போகும், வரும்போது வலப்பக்கம் ஒதுங்கிவிடும். எத்தனை அடித்தாலும் வலதுதான். மேசை கோணல் என்று நினைத்து மறுமுனையிலிருந்து அடித்துப் பார்த்தேன். அங்கேயும் என் வலதுக்கே வந்தது. அப்புறம்தான் புரிந்தது. அடித்து முடிக்கும் கணத்தில் என் மணிக்கட்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆயுசெல்லாம் நட்டு முறுக்கிய கை. எந்தப் பிடியைப் பிடித்தாலும் கடைசியில் ஒரு இறுக்கு இறுக்கினால்தான் அதற்கு நிம்மதி.

அந்த இறுக்கை விடவைப்பது ஆட்டத்தைக் கற்பதைவிடப் பாடாக இருந்தது. தாடையை ஸ்டிக்கோடு ஒட்டி, மூச்சை விட்டு, அடித்த பிறகும் தலையைத் தூக்காமல் அப்படியே குனிந்து கிடப்பது. “தலையைத் தூக்கிப் பாத்தா பந்து உன்னைப் பாத்துச் சிரிக்கும்” என்பது அவன் பழைய பேச்சு. அதைச் சொல்லிச் சொல்லி அடித்தேன். ஒரு நாள் பந்து போய், குஷனைத் தொட்டு, போன கோட்டிலேயே திரும்பி வந்து ஸ்டிக் நுனியில் ‘டிக்’ என்று முட்டி நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் அந்த ஸ்டிக் சாய்ந்து நின்றது. மின்விசிறி சுற்றியது.

பூலில் ஒரு மரியாதை உண்டு. நல்ல அடி அடித்தால் எதிராளி ஸ்டிக்கின் அடிப்பகுதியைத் தரையில் மெதுவாகத் தட்டுவான். கைதட்டல் மாதிரி அது. தோற்கிறவன் தட்டினால்தான் அதற்கு மதிப்பு. எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு தட்டுத்தான். தட்ட ஒரு ஆள், ஒரே ஒரு ஆட்டம். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆள் இருந்தால் போதும்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து மேசையிலிருந்து தரையில் ‘தொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. திரும்பினேன். அம்மணி அந்தப் பக்கம் பார்த்துச் சாக் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத் தட்டினாரா, ஸ்டிக்கைச் சும்மா ஊன்றினாரா? கேட்க முடியுமா? முன்பின் பழகாத பொம்பளையிடம் போய், “ஏனுங்க, எனக்காகத் தட்டுனீங்களா” என்று எப்படிக் கேட்பது?

அவரும் தனியாகத்தான் ஆடுவார். முதலில் இன்னொரு வேன் டிரைவர் அவரோடு வந்துகொண்டிருந்தார், சிரிப்பும் கேலியுமாக இருக்கும். அப்புறம் அந்த ஆளுக்கு வேறு பள்ளிக்கூடம் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, வருவதில்லை. அம்மணி மட்டும் ஒரே மூலைக் குழிக்கு ஒரே பந்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார். கூப்பிடலாமா என்று எனக்குப் பல நாள் தோன்றியது. முகத்தைப் பார்த்தால் அவ்வளவு கவனமாக இருப்பார், அவர் பழக்கத்தைக் கெடுப்பானேன் என்று திரும்பிக்கொள்வேன்.

எங்க ஊர்க்காரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் சீட்டு மேலே ஒரு துண்டு கிடந்தால் உட்கார மாட்டோம். யாருதுங்க என்று கேட்கவும் கூச்சம். போட்டவங்க வருவாங்க என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்போம். துண்டுக்காரன் கிணத்துக்கடவில் இறங்கிப் போயிருப்பான், துண்டை மறந்துவிட்டு. நாங்கள் பொள்ளாச்சி வரைக்கும் நின்றுகொண்டே போவோம், அந்தக் காலி சீட்டுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு.

ஆரம்பத்தில் சொன்னேனே, அன்றைக்கு நடந்தது இதுதான். அம்மணி குனிந்து அடிக்கும்போது அவர் ஸ்டிக்கின் நுனித்தோல் பிய்ந்து பறந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்தவற்றில் போய் வேறு தேடினார். ஒன்று வளைந்தது, ஒன்று வெடித்தது. நல்லதையெல்லாம் காலேஜ் பசங்க முன் மேசைகளுக்கு எடுத்துப்போயிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் மேசைக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றார்.

“ஏனுங்ணா, உங்க ஆளு வர்ற வரைக்கும் அந்த ஸ்டிக்கைச் சித்த எடுத்துக்கட்டுங்களா? வந்தாங்கன்னா ஒடனே குடுத்தர்றேன்.”

“எந்த ஆளுங்க?” என்றேன்.

“நீங்க தெனமும் ஒருத்தருக்கு எடுத்து வெக்கறீங்கல்ல, அவுங்க.”

“அப்படி ஆரும் இல்லீங்களே.”

அப்போதுதான் அவர் ஒறம்பரைக்கு எலை போட்ட அந்தப் பேச்சைச் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்டிக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நெசமாலுமே ஆரும் வர்றதில்லீங்களா?”

“ஆரும் வர்றதில்லீங்க அம்மணி. பழக்கத்துல எடுத்து வெக்கறது. முன்னாடி ஒருத்தன் இருந்தான், இப்ப வெளிநாட்டுல இருக்கறான்.”

“பாவம், தெனமும் காக்க வெச்சு ஏமாத்தறாங்களே, எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கும்னு நான் திட்டிட்டு இருந்தேனுங்ணா.”

“அவன் திட்டு வாங்க வேண்டியவன்தான், உட்டுருங்க” என்றேன். “நீங்க பிராக்டீஸ் பண்றீங்க, கூப்ட்டா தொந்தரவுன்னு நான் இருந்துட்டேன்.”

“பிராக்டீஸா?” அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். “ஆளில்லாம ஒரே பந்தைப் போட்டுட்டு இருந்தனுங்ணா. வேற என்ன பண்றது. ஊட்டுக்குப் போனாலும் செவுருதான்.”

 இத்தனை பேச்சுப் பொறுக்கிச் சேர்த்து வைத்தவனுக்கு, அந்த நேரத்துக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. வாங்க ஆடலாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் சாக் கட்டியை எடுத்து என் ஸ்டிக் நுனியில் தேய்த்தேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இஸ்கூல் உட இன்னும் நேரங் கெடக்குதுங்ணா” என்றார், யாரிடமோ சொல்வது போல. சாய்த்து வைத்திருந்த ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார். பந்துகளை ஒரு மூலைக்கு ஒதுக்கினார். சுவரோரமாக நடந்து, தன் மேசைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தார். அந்த ஸ்டிக்கோடு என் மேசையின் எதிர்ப்பக்கம் வந்து நின்றார்.