மொட்டைப் பனை நின்ற இடம்

கிளியனூரை அடுத்த ஒரு சவுக்குக் காட்டில் பறவைகளை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வளர வளர வெட்டிவிடும் அந்தக் காட்டில், கூடு வைக்கப் பொந்துள்ள மரம் பட்டுப்போன ஒரு மொட்டைப் பனை மட்டும்தான். அதில் பனங்காடை குஞ்சு பொரித்திருந்தது.

ஒரு நாள் காலை போனால், பனை தரையில் கிடக்கிறது. அது நின்ற இடத்தில் ஒரு போர்டை நட்டு, துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க வெட்டச் சொன்னது?" என்று கத்தினேன்.

"போர்டு தெறக்க பெரிய ஐயா வர்றாருங்க. பட்ட மரம் நின்னுக்கினு இருந்தா அசிங்கமா இருக்காது?" என்றார் வனத்துறை வாட்சர்.

பொந்துக்குள் கையை விட்டேன். இரண்டு குஞ்சுகள், ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. அதை ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்தேன்.

அதிகாரி வந்து துணியை விலக்கினார். 'பறவைகளைக் காப்போம்' என்ற எழுத்துக்கு மேலே, நீல இறக்கை விரித்த பனங்காடைப் படம். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அழகா இருக்கே! இத இங்க எங்க பாக்கலாம்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"நீங்க நிக்கிற எடத்துலதாங்க இருந்துச்சு" என்று பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

சாயங்காலம் அந்தக் குஞ்சும் செத்துப்போனது.

படத்தின் நீலம் வெளுத்துவிடாமலிருக்க வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறார்கள்.