பனிமலையில் பொழுது சாய்ந்தபோது

செஞ்சிக் கடைவீதியில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். விருஷபதாஸ் நயினாரின் மகள் போன் செய்தாள். “சித்தப்பா, நைனா போயிட்டாங்க” என்றாள். வரிசையை விட்டு ஒதுங்கி நின்றேன். பிறகு அவளே சொன்னாள்: “நேத்து சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கினு போனேன். ஜன்னலைப் பார்த்துட்டு, பொழுது போயிடுச்சும்மா, வேணாம்னுட்டாங்க. விடியக்காலைல போயிட்டாங்க.” நினைவு மலர் ஒன்று போடப் போகிறார்களாம். “அந்தப் பனிமலைக் கதையை நீங்கதான் எழுதணும். கூட இருந்தவரு நீங்க ஒருத்தர்தானே” என்றாள். அரிசி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு இடம் பொய். அதைச் சொன்னவன் நான். அவர் அதை உண்மை என்று நம்பியே போய்ச் சேர்ந்தார்.

தொண்டூரில் நயினார் வீட்டு நிலத்தில் எங்கள் அப்பா ஏர் ஓட்டியவர். எனக்கும் அதுதான் விதித்திருந்தது. அறுபதுகளின் நடுவில் லடாக்கில் பனி அளக்கும் வேலையில் அவர் இருந்தார். கோடையில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்ள, மே மாதத்தில் மலையேறிப் பனியின் ஆழத்தை அளந்து வரவேண்டும். உதவிக்கு ஆள் கேட்டார்கள் என்று என்னைச் சொல்லிச் சேர்த்துவிட்டார். போன முதல் நாள் பழக்கத்தில் ‘ஐயா’ என்றேன். “இங்க இன்னா ஐயா? அண்ணேன்னு கூப்டு” என்றார். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும், நாலு பேர் முன்னால், அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவர் அதை மாற்றச் சொல்லவில்லை.

லடாக் மலைகளில் மரமும் இல்லை, மழையும் இல்லை. அதுவும் ஒரு பாலைவனம்தான், மேலே மட்டும் பனி. காலில் நீளமான சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு விடியுமுன் ஏற ஆரம்பிப்போம். இரவுக் குளிரில் பனி பாறையாக இறுகிக் கிடக்கும். வெயில் ஏறியதும் இளகி, பெரிய பெரிய பாளமாகச் சரிய ஆரம்பித்துவிடும். அதற்குள் சறுக்கி இறங்கிவிட வேண்டும். “பத்து மணிக்கு மேல மலை நம்ம பேச்சைக் கேக்காது” என்பார். சிறு வயதில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகளில் ஏறி விளையாடியவர்தான், அங்கே முதல் வருஷம் முழுக்க விழுந்து எழுந்ததாகச் சொன்னார். நான் பார்த்தபோது, வரப்பில் நடப்பவர் போல அலட்டிக்கொள்ளாமல் இறங்கினார்.

சமணர் வீட்டு வழக்கத்தை அங்கேயும் அவர் விடவில்லை. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. உருக்கிய பனியைக்கூட வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். துணி அப்பளம் மாதிரி விறைத்துப் போகும். “இந்தக் குளிர்ல இன்னா பூச்சி அண்ணே உயிரோட இருக்கும்?” என்று கிண்டல் செய்வேன். “இருக்குதோ இல்லியோ, வடிகட்டறது நம்ம வேலை” என்பார். எனக்கு அது அப்போது வீண் பிடிவாதமாகத்தான் பட்டது.

அந்த முறை மேல் முகாமுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். வழியில் நான் குப்புற விழுந்ததில் என் கறுப்புக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. அவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். “எனக்குப் பழக்கம்தான். தலைத்துணியை எறக்கி விட்டுக்கறேன்” என்றார். நான் மறுக்காமல் வாங்கி மாட்டிக்கொண்டேன். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும். மத்தியானத்துக்குள் அவருக்குப் பார்வை போய்விட்டது. கண்ணில் மணலை அள்ளிக் கொட்டினது போல இருக்கிறது என்று துடித்தார். இடையர்கள் கட்டிவிட்டுப் போன கல் கொட்டடி ஒன்றில் அவரை உட்கார வைத்து, கண்ணைத் துணியால் கட்டினேன். விடியுமுன் சாப்பிட்டதுதான், அதற்குப் பிறகு அவர் வயிற்றில் ஒன்றும் இல்லை. ஸ்டவ் நனைந்து போய்ப் பற்றவே இல்லை. ஒருவழியாகக் கஞ்சி கொதித்தபோது வெளியே நட்சத்திரம் தெரிந்தது.

“பொழுது இருக்குதாப்பா?” என்று கேட்டார்.

“இருக்குது அண்ணே. மலை மேல இன்னும் வெயில் அடிக்குது” என்றேன்.

வாயைத் திறந்தார். ஊட்டினேன். நாலு வாய் வாங்கிக்கொண்டு, “போதும். நீயும் சாப்டு” என்றார்.

மறுநாள் காலை அவர் இடுப்பையும் என் இடுப்பையும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு இறங்கினோம். கண் நான், மற்றதெல்லாம் அவர். கட்டைக்கு அடியில் பனி எழுப்பும் சத்தத்தை வைத்தே, “கரகரங்குது, போ”, “சொதசொதங்குது, நில்லு, எடது பக்கம் ஒதுங்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இல்லாமல் அந்தச் சரிவில் நான் பிழைத்திருக்க மாட்டேன். அதனால்தான் பொய் சொன்னேன். அவர் பசி தாங்காமல் பரிதவித்தார் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் பசி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் அவர் எழுந்து நிற்காவிட்டால் என் கதி என்ன என்ற பயம்தான் எனக்கு.

நாலைந்து நாளில் அவருக்குப் பார்வை திரும்பிவிட்டது. ஊருக்கு வந்த பிறகு கல்யாண வீடுகளில் அவர் இதைச் சொல்லாத பந்தி இல்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு, “கண்ணைக் கட்டிக் கெடந்தேன். பொழுது இருக்குதான்னு இவன் பார்த்துச் சொன்னான், அப்பறம்தான் சாப்ட்டேன். அங்கியும் என் வெரதம் தப்பல” என்பார். எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்து வைப்பேன்.

ஒரு முறை அவலூர்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “அண்ணே, அன்னிக்கு அந்தக் கொட்டடில…” என்று ஆரம்பித்தேன். “இன்னா?” என்று ஆசையாகத் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும், “ஸ்டவ் பத்தவே இல்லியே, நெனச்சுக்கினேன்” என்று மாற்றிவிட்டேன்.

அறியாமல் விரதம் தவறினால் என்ன செய்வார்கள் என்று அவர் வீட்டில் பிறகு விசாரித்திருக்கிறேன். தெரிந்த மறுநாள் ஒரு நாள் உபவாசம் இருந்து தீர்த்துக்கொள்வார்களாம். ஒரு நாள் பட்டினி, அவ்வளவுதான். நான் வாய் திறந்திருந்தால் அவர் சிரித்துக்கொண்டே அந்த உபவாசத்தை இருந்து முடித்திருப்பார். அந்த ஒரு நாளை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் என்னை வேறு மாதிரிப் பார்த்துவிடுவார் என்று பயந்தேன். மலையில் பட்ட பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

அதனால் அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன், அன்று பொழுது சாய்ந்திருந்தது. விரதத்தை அவர் விடவில்லை. நான்தான் கெடுத்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, அவர் இருந்திருக்க வேண்டிய அந்த ஒரு நாள் உபவாசம்தான். நேற்று அதை இருந்தேன். தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டிக் குடித்தேன். ஒருவருக்காக இன்னொருவர் இருந்தால் அது செல்லுமா என்று தெரியவில்லை. இப்படிப்பட்டதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான்.