காயாத பாட்டில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பாலைச் சோதிக்கும் சிறு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. அமிலக் கரைசலில் ஊறவைத்து, பலமுறை அலசி, கவிழ்த்து வைத்து, ஈரம் போகக் காயவிட வேண்டும். என் விரல் நுனிகள் எப்போதும் வெந்துபோயிருக்கும்.

மூன்று நாள் மழைக்குப் பின் பால்வெட்டு தொடங்கிய காலை. எதுவும் சரியாகக் காயவில்லை. அவசரத்தில் ஒரு பாட்டிலைப் பார்க்காமலே சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். அதில் எடுத்த பாலில் தண்ணீர் கலந்திருப்பதாகச் சோதனை சொன்னது.

சற்று நேரத்தில் வெளியே அலறல். அந்தப் பாலைக் கொண்டுவந்த தொழிலாளியை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பிரம்பால் விளாசிக்கொண்டிருந்தார்.

"எடை கூட்டத் தண்ணி ஊத்துனியாடா?"

"இல்லீங்க மண்டோரே! புள்ள மேல சத்தியம்!"

அடுத்த அடி காதோடு விழுந்தது. ரத்தம் கழுத்தில் வழிந்தது.

எனக்குச் சுருக்கென்றது. பாட்டில்கள் அடுக்கிய தட்டுக்கு ஓடினேன். அதே வரிசையில் கவிழ்க்காமல் விட்டிருந்த பாட்டில்களின் அடியில் ஒரு விரற்கடை நீர் தேங்கிக் கிடந்தது.

ஆய்வுக்கூடத்துப் பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஐயா, தப்பு என்னோடது" என்றேன்.

"போத்திலைக் காயவிடேல்லையோ நீர்?"

"இல்லைங்க."

 அவர் அந்த ஆளின் வாளியில் மிஞ்சியிருந்த பாலைக் காய்ந்த பாட்டிலில் எடுத்துச் சோதித்தார். சுத்தமான பால். உடனே என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, "அவனை விடும்! பால் சரி, போத்திலிலைதான் தண்ணி" என்று கத்தினார்.

"அடிச்சாச்சு. இனிமே என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார் மண்டோர்.

தரையில் கிடந்தவர் என்னைப் பார்த்தார். "ஒன் வேலையாடா இது?"

தலையசைத்தேன். எழுந்து வந்து என் வாயில் குத்தினார். முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது. நான் கையைத் தூக்கவில்லை. இன்னொரு குத்து. பிறகு திரும்பி, பிரம்பைப் பிடுங்கி மண்டோரின் முகத்தில் விளாசினார். மண்டோர் முழங்காலிட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. மூன்று பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் அவரைக் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள். மண்டோருக்கும் எனக்கும் வேலை போகவில்லை. 

சில மாதம் கழித்து மலாக்கா கடைத்தெருவில் அவரைக் கண்டேன். அரிசி மூட்டை சுமந்து போய்க்கொண்டிருந்தார். தெரு இரைச்சலில் அவருக்குப் பக்கவாட்டிலிருந்து, "அண்ணே" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

"அவருக்கு அந்தப் பக்கக் காது கேக்காது. முன்னால போய்க் கூப்புடுங்க" என்றார் கடைக்காரர்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் மூட்டையோடு சந்துக்குள் போய்விட்டார்.